எந்த வரியில் சிரித்தீர்கள்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வந்த அரைப்பக்க நாடகங்களுக்கு வாசகர்கள் கருத்து எழுதியிருந்தார்கள். அவற்றைப் பிரித்து, யாருக்கு எதுவோ அவரவருக்கு அனுப்பி வைத்தோம். இப்போது நாடகம் எழுதியவர்கள் என்னிடம் கேள்வி கேட்கிறார்கள். கருத்து எழுதியவர்களும் கேட்கிறார்கள். இரண்டு தரப்புமே ‘பெயர் போடாதீங்க’ என்று தனியாகச் சொல்லியிருப்பதால் ஊர் மட்டும் போடுகிறேன். எல்லாரும் ஒரே சாயாக்கடையில் முகம் பார்க்க வேண்டியவர்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு விதியைச் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாத்திரத்தைப் பிடித்து நம்ம ஊருக்குக் கூட்டி வர வேண்டும். வேதாளம், கும்பகர்ணன், நோவா, யாராக இருந்தாலும் சரி. 12 பேச்சு வரிக்குள் சிரிக்க வைத்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அவ்வளவுதான்.

என்னைப் பற்றியும் ஒரு வரி. தக்கலையில் 38 வருஷம் தையல் மிஷின் மிதித்தவன். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஆர்ட்ஸ் கிளப் நாடகங்களில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவன். பிராம்ப்டர் என்பார்கள். பிராம்ப்டருக்கு ஜனங்களின் முகம் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். இந்தப் பகுதியை ஆசிரியர் என்னிடம் கொடுத்ததற்கு வேறு தகுதி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

‘வேதாளத்துக்கு ஒரு டிக்கெட்’ நான் எழுதியது. 11 கருத்து வந்தது. 4 பேர் ‘அருமை’. 3 பேர் பஸ் கட்டணம் தப்பு என்கிறார்கள். 2 பேர் அந்த இடத்தில் பஸ் நிற்காது என்கிறார்கள். ஒருவர் ஒற்று மிகும் இடத்தைத் திருத்தியிருக்கிறார். ஒரு பிளஸ் டூ பிள்ளை மட்டும் ‘வேதாளம் டிக்கெட் கேட்டதும் சிரிச்சேன், அதுக்கப்புறம் அடங்கிப் போச்சு’ என்று எழுதியிருக்கிறது. இதை வைத்து நான் என்ன செய்ய? – களியக்காவிளை

அந்தப் பிள்ளையின் கருத்தைச் சட்டம் போட்டு மாட்டும். மற்றவர்கள் பார்க்கட்டும் என்று உம்முடைய நாடகத்தை ஒரு தடவை போடுகிறேன்.

(களியக்காவிளை பஸ் நிலையம். தோளில் வேதாளத்தோடு விக்கிரமாதித்தன் ஏறி உட்காருகிறான்.)
நடத்துநர்: எங்க போணும்?
(விக்கிரமன் பேசவில்லை.)
நடத்துநர்: ஓய், உம்மகிட்டதான் கேக்கேன். எங்க போணும்?
(விக்கிரமன் வடக்கே கையைக் காட்டுகிறான்.)
நடத்துநர்: கையக் காட்டுனா மிஷின்ல எப்படி அடிக்கியது? வாயத் தொறந்து சொல்லும்.
வேதாளம்: எனக்கு முருங்கமரத்துக்கு ஒண்ணு குடும். இவரு இப்பம் வாயத் தொறந்துருவாரு.
விக்கிரமன்: சுடுகாட்டுக்கு ரெண்டு.
நடத்துநர்: முப்பத்தாறு ரூபா.
(வேதாளம் பறந்து போகிறது.)
நடத்துநர்: பேசக் கூடாத இடத்தில் பேசினால் இப்படித்தான் இழப்பு வரும்.

பேசினால் வேதாளம் போய்விடும், பேசாவிட்டால் டிக்கெட் கிடைக்காது. இந்த முடிச்சு நல்ல முடிச்சு. கதை தெரிந்த எவனும் முதல் ‘பேசவில்லை’யிலேயே உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருப்பான். வேதாளம் முருங்கை மரத்துக்கு டிக்கெட் கேட்கிற இடத்தில் அந்த முடிச்சு அவிழ்கிறது. கூட்டம் சிரித்தாயிற்று.

இனி அந்த மூன்று பேரைப் பார்ப்போம். கட்டணம் தப்பு என்று எழுதியவர்கள் மேல் உமக்குக் கோபம். எனக்கு அவர்கள்தான் சாட்சி. சிரித்துக்கொண்டிருக்கிறவன் கணக்குப் பார்க்க மாட்டான். ‘முப்பத்தாறு ரூபா’ என்ற இடத்தில் மூன்று பேர் மனசுக்குள் கட்டணப் பட்டியலைப் புரட்டியிருக்கிறார்கள் என்றால், அதற்குள் சிரிப்பு ஓய்ந்து அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். பிளஸ் டூ பிள்ளை நேராகச் சொன்னதை அவர்கள் தெரியாமலே சொல்லியிருக்கிறார்கள். கட்டணத்தைத் திருத்த வேண்டாம், அந்த வரியை எடுத்துவிடும். நடத்துநரின் உபதேசத்தையும் எடுத்துவிடும். அந்த மனுஷன் அதுவரை நம்ம ஊர்ப் பேச்சு பேசிக்கொண்டிருந்தார், கடைசி வரியில் திடீரென்று நீதிநெறி வகுப்பு எடுக்கிறார்.

‘சுடுகாட்டுக்கு ரெண்டு’ விஷயத்தில் எனக்கே இரண்டு மனசு. அந்த ‘ரெண்டு’ எனக்குச் சின்னதாக ஒரு சிரிப்பைக் கொடுத்தது. ஆனால் அவன் வாயைத் திறப்பான் என்று வேதாளம் சொல்லிவிட்ட பிறகு நாமே மனசுக்குள் அவன் வாயைத் திறந்து பார்த்துவிடுகிறோம். நான் தைத்தால் வேதாளத்தோடு நூலை அறுத்துவிடுவேன். நீர் வைத்துக்கொள்வதானால் அதோடு விளக்கை அணைத்துவிடும். பறந்து போவதைக் காட்டவே வேண்டாம்.

பஸ் நிற்காது என்ற இரண்டு பேரை விட்டுத்தள்ளும். வேதாளம் ஏறிய பஸ்ஸில் அவர்களுக்கு அதுதான் குறையாகத் தெரிந்திருக்கிறது. ஒற்றுப் பிழை திருத்தியவருக்கு மட்டும் நன்றி சொல்லிவிடும்.

எல்லாரும் ‘சூப்பர்’, ‘செம’, ‘கலக்கல்’ என்றே எழுதுகிறார்கள். நான் நன்றாக எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ளலாமா? – மார்த்தாண்டம்

வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர். புலவர் ஒரு வரி பாடுவார், பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார். ராஜா பிறந்தாலும் ஆமா, ராஜா செத்தாலும் ஆமா. அந்த ஆமா இல்லாமல் பாட்டு நடக்காது, எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அதை வைத்துப் பாட்டு நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. சூப்பர் போட்டவர்களிடம் ‘எந்த வரி?’ என்று ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேளும். பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள். மீதிப் பேர்தான் உம் வாசகர்கள்.

நான் இருப்பது கேரளப் பக்கம். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். நோவா நாடகம் எழுதினேன். எங்கள் சபைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதழில் வந்ததும் சென்னை, திருச்சிப் பக்கத்திலிருந்து ‘புரியல’ என்று கடிதம். அடைப்புக்குறிக்குள் அர்த்தம் போட்டுவிடட்டுமா அண்ணாச்சி? – பாறசாலை

வேண்டாம் தங்கச்சி. அடைப்புக்குறிக்குள் அர்த்தம் போட்ட நகைச்சுவை ஆறிப்போன சாயா மாதிரி, குடித்தால் சாகமாட்டோம், அவ்வளவுதான்.

நாடகம் இரண்டே வரி. நாற்பதாவது நாள் மழை, பேழை மிதக்கிறது. கடைசி மருமகள் வந்து, ‘மாமா, கொஞ்சம் வெள்ளம் வேணும்’ என்கிறாள். நோவா, ‘இன்னுமா?’ என்கிறார்.

நான் படித்துவிட்டு ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன். நமக்கு வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் பக்கத்துத் தாலுகாக்களான விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன, உங்கள் பாறசாலை அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஆனாலும் எல்லைக்கு இரண்டு பக்கமும் தாகம் எடுத்தால் இன்றும் கேட்பது வெள்ளம்தான். திருச்சிக்காரருக்கு வெள்ளம் என்றால் காவிரி கரை உடைத்து வருவது. அவர் படிக்கும்போது அந்த மருமகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாகத்தான் தோன்றும். உன் நகைச்சுவைக்கு இரண்டு அர்த்தமும் ஒரே நேரத்தில் வேண்டும். சபையில் எல்லாருக்கும் இரண்டும் தெரியும், திருச்சியில் ஒன்றுதான் தெரியும்.

பேச்சைத் தொடாதே. மருமகள் கையில் ஒரு காலிச் செம்பைக் கொடுத்துவிடு. ‘(காலிச் செம்பை நீட்டி) மாமா, கொஞ்சம் வெள்ளம் வேணும்.’ இப்போது திருச்சிக்காரருக்கு அவள் தாகத்தோடு வந்திருக்கிறாள் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. வெளியே மிதக்கிற வெள்ளம் அவருக்கு முன்பே தெரியும். ‘இன்னுமா?’ வந்ததும் தானாகச் சிரிப்பார். மேடையில் கையில் ஒரு சாமானைக் கொடுத்தால் நாலு வரி வசனம் மிச்சம் என்று எங்கள் பழைய டைரக்டர் சொல்லுவார். அவர் சொன்னதற்குக் காரணம் நடிகர்களுக்கு வசனம் மனப்பாடம் ஆகாததுதான், இருந்தாலும் உண்மை.

‘புரியல’ என்று எழுதுகிறவரை ஒருநாளும் முட்டாளாக நினைக்காதே. புரியாததைப் புரிந்ததாகக் காட்டிச் சிரிக்கிறவரை விட அவர் ஆயிரம் மடங்கு உபகாரி.

‘சொந்தச் சரக்கு இல்லாதவர்கள்தான் ராமாயண, பாரத ஆட்களைக் கடன் வாங்கி எழுதுவார்கள்’ என்று ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. – செங்கோட்டை

முதலில் சாப்பிடும். பிறகு இதைப் படியும்.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், பத்மநாபபுரம் பக்கத்தில், மணலிக்கரை என்று ஓர் ஊர் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலே ஆகிறது, அங்கே ஒரு மடத்தில் மலையாள எழுத்தில் எழுதிய ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று கிடைத்தது. கண்டெடுத்தவர் த. கணபதி சாஸ்திரி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், திருவனந்தபுரத்தில் சுவடிகளைப் பதிப்பிக்கிற வேலையில் இருந்தவர். பிரித்துப் பார்த்தால் உள்ளே சமஸ்கிருத நாடகங்கள். பாஸன் என்கிற பழைய கவியின் நாடகங்கள், பெயர் மட்டும் கேட்டிருந்தார்கள், ஆள் தொலைந்துபோனதாக நினைத்திருந்தார்கள். 1912-இலிருந்து அவற்றை அச்சில் கொண்டு வந்தார். எல்லாமே பாஸன் எழுதியவைதானா என்று பண்டிதர்கள் அதற்குப் பிறகு சண்டை போட்டார்கள், அது இருக்கட்டும்.

அதில் ஒன்று ‘மத்யம வ்யாயோகம்’. ஒரே அங்கம். இடும்பி விரதம் முடித்துச் சாப்பிட ஒரு மனுஷன் வேண்டும் என்று மகன் கடோத்கசனை அனுப்புகிறாள். அவன் ஒரு பிராமணக் குடும்பத்தைப் பிடிக்கிறான். மூத்த மகனை அப்பா விடமாட்டார், இளையவனை அம்மா விடமாட்டாள், நடுப்பிள்ளை ‘நான் போகிறேன்’ என்று கிளம்பி, கடைசியாக ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போகிறான். நேரமாகிறது. கடோத்கசன் பொறுமை இழந்து ‘ஓ நடுவனே, சீக்கிரம் வா!’ என்று கத்துகிறான். பக்கத்தில் இருந்த பீமன் ‘யார் என்னைக் கூப்பிடுவது?’ என்று வந்து நிற்கிறான். அவனும் நடுப்பிள்ளைதானே! அப்பனுக்கும் மகனுக்கும் சண்டை, மகனுக்கு அப்பனை அடையாளம் தெரியாது. கடைசியில் வீட்டுக்குக் கூட்டிப் போனால் இடும்பி கும்பிடுகிறாள். அவள் கேட்ட ஆளே இவன்தான்.

இந்தக் கதை வியாசர் பாரதத்தில் கிடையாது. பீமனையும் இடும்பியையும் கடோத்கசனையும் கடன் வாங்கி, இல்லாத ஒரு மத்தியானத்தை அந்தக் கவி உண்டாக்கியிருக்கிறார். இன்றைக்குப் பிள்ளைகள் ஃபேன் ஃபிக்ஷன் என்கிறார்களே, அதேதான். ஒரு பெயரை இரண்டு பேர் தன் பெயராக நினைத்துக்கொள்வதுதான் அதன் சிரிப்பு. பாறசாலைத் தங்கச்சியின் வெள்ளமும் அதே ஜாதி என்பதைக் கவனியும். உமக்கு எழுதியவரிடம் இதைக் கொண்டுபோய்ப் பாஸனுக்குச் சரக்கு இல்லையா என்று கேளும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். புராணத்துக்கு வாரிசு நாம் எல்லாரும். நாவலாசிரியரின் பாத்திரம் அப்படியல்ல. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி இந்தியாவில் எழுதியவர் இறந்த அடுத்த வருஷத்திலிருந்து எண்ணி 60 வருஷம் உரிமை இருக்கிறது. அதற்குள் என்றால் அனுமதி கேட்டுவிட்டு அனுப்பும். ஆசிரியருக்கு வக்கீல் நோட்டீஸ் வாங்கிக் கொடுக்காதீர்.

நான் கருத்து எழுதுகிற கட்சி. மனசில் பட்டதை மறைக்காமல் ஒரு தம்பிக்கு எழுதினேன். அதிலிருந்து அவன் என்னைப் பார்த்தால் தெரு மாறிப் போகிறான். நல்லது சொன்னது தப்பா? – குழித்துறை

எத்தனை பக்கம் எழுதினீர் என்று நீர் சொல்லவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம்.

என் கதையைச் சொல்கிறேன். என் கடையில் காஜா எடுக்கிற பையன் ஒருவன், ரொம்ப வருஷத்துக்கு முன்னால், அரைப்பக்கத்தில் பகாசுரன் நாடகம் ஒன்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினான். நான் ராத்திரி உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் மூன்று பக்கம் எழுதினேன். தொடக்கம் இழுவை, பகாசுரனுக்குக் குணம் இல்லை, பீமன் பேச்சில் ஒழுங்கில்லை, தலைப்பு பொருந்தவில்லை. எழுதும்போது எனக்கு நல்ல சுகமாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் காலையில் கொடுத்தேன். மத்தியானம் பார்த்தால் அந்த மூன்று பக்கத்தையும் மேஜையில் விரித்துப் போட்டு ஜாக்கெட் கழுத்துக்கு அளவு வெட்டிக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு வருஷம் அவன் எதுவும் எழுதவில்லை.

அந்த நாடகத்தில் ஓர் இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்திருந்தேன். ஒரு வண்டிச் சோற்றையும் பீமன் தின்று முடிப்பதைப் பார்த்துப் பகாசுரன் சொல்லுவான்: ‘நான்தான் இந்த ஊருக்குப் பெரிய கஷ்டம்னு நெனச்சேன்.’ மூன்று பக்கத்தில் நான் அதை எழுதவே இல்லை. எழுதியிருந்தால் அந்த ஒரு வரிக்காகவே மற்ற வரிகளை அவனே வெட்டியிருப்பான். கத்தரிக்கோல் அவன் கையில்தானே இருந்தது.

கடைக்கு வருகிற வாடிக்கையாளரில் இரண்டு வகை. ‘சட்டை நல்லால்ல’ என்பவர் ஒரு வகை. அவருக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ‘கக்கத்துல பிடிக்குது’ என்பவர் இன்னொரு வகை. அவரைப் பத்து நிமிஷம் உட்காரச் சொல்லி, பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுவேன். அந்தத் தம்பிக்கு மறுபடி ஒரு கடிதம் எழுதும். எங்கே சிரித்தீர், எங்கே பிடித்தது, இரண்டையும் வரியைக் குறித்து எழுதும். கார்டுக்கு மேல் போகக் கூடாது. நாடகத்தை விடக் கருத்து நீளமாக இருந்தால் அதைக் கருத்து என்று சொல்ல முடியாது, பதில் நாடகம்.

கும்பகர்ணன் நாடகத்துக்கு ஒருவர் ‘இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம்’ என்கிறார், இன்னொருவர் ‘ரொம்ப நீளம்’ என்கிறார். யார் பேச்சைக் கேட்க? – அருமனை

கும்பகர்ணன் தூங்குகிற இடத்தைச் சுருக்கும், எழுந்த பிறகு இரண்டு வரி கூட்டும். இருவர் சொன்னதும் சரிதான், அவர்கள் சொன்னது வேறு வேறு இடத்தை. பொதுவாக ஒன்று: ஒருத்தர் இருமினால் சளி. கொட்டகையே இருமினால் வசனத்தில் கோளாறு.

ஆங்கிலத்தில் ரசிகர்கள் சரியாக 100 சொல்லில் எழுதுகிறார்கள். அதற்குக் கருத்து எழுதுவதும் சுலபம். நாமும் 100 சொல் என்று வைத்துக்கொண்டால் என்ன? – நெய்யாற்றின்கரை, கல்லூரி மாணவி

என் பேத்தியும் இதைத்தான் சொல்கிறாள். டிராபிள் என்று பெயராம். 1980-களில் பிரிட்டனில் அறிவியல் புனைகதை ரசிகர்கள் ஆரம்பித்து வைத்த விளையாட்டு. ரசிகர்கள் எழுதிய கதைகளைச் சேர்த்து வைக்கிற ஒரு பெரிய காப்பகத்துக்கு 2019-இல் ஹ்யூகோ விருதே கிடைத்தது என்று காட்டினாள். அங்கே பிடித்தால் ‘குடோஸ்’ என்று ஒரு பொத்தானை அமுக்கினால் போதுமாம். நம்ம ‘ஆமா’ அங்கேயும் இருக்கிறது.

100 சொல் யோசனை நமக்குச் சரிப்படாது மகளே. நம்ம பாஷையில் சொல்லை எப்படி எண்ணுவாய்? ‘வாயத் தொறந்துருவாரு’ இரண்டு சொல்லா? ஒட்டி எழுதினால் ஒன்று, பிரித்து எழுதினால் மூன்று. எண்ணிக்கைக்காகச் சொல்லை ஒட்டவும் வெட்டவும் ஆரம்பித்தால் ஒற்றுத் திருத்துகிறவருக்குக் கொண்டாட்டம். அதனால்தான் பேச்சு வரி 12 என்று வைத்தோம். ஒரு ஆள் வாய் திறந்து மூடினால் ஒரு வரி. பிராம்ப்டர் எண்ணுகிற கணக்கு அதுதான்.

கருத்து எழுதியவர்களுக்கு நான் பதில் எழுத வேண்டுமா? அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டதை விளக்க வேண்டும் போல் இருக்கிறது. – தக்கலை

நம்ம ஊர்க்காரரா! நன்றி என்று ஒரு வார்த்தை எழுதும். விளக்கம் எழுதாதீர். மேடையில் சிரிப்பு வராத வசனத்தை மறுபடி சத்தமாகச் சொன்ன நடிகர் ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை சிரித்தார்கள், ஆனால் வசனத்துக்கு அல்ல. விளக்க வேண்டும் என்று கை அரித்தால் அந்த விளக்கத்தை எழுதி, அதைச் செம்பு மாதிரி ஏதாவது சாமானாக மாற்றி நாடகத்துக்குள்ளே வைக்க முடியுமா என்று பாரும். முடியாவிட்டால் கிழித்துப் போடும்.

அடுத்த இதழுக்கு: சித்திரகுப்தன் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறான். 12 வரி. கருத்து எழுதுகிறவர்கள் இனி வரி எண் போட்டு எழுதவும். எண் இல்லாமல் வரும் ‘அருமை’களை நாடகம் எழுதியவருக்கு அனுப்ப மாட்டோம், ஆசிரியரே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.